வகுப்பில் யோசிக்கிற வேலையை யார் செய்கிறார்கள்? ஆசிரியர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கடலூர் முதுநகர்ப் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை கணக்கும் அறிவியலும் எடுக்கிறேன். குறுவள மையக் கூட்டத்தில் சக ஆசிரியர்களும், பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோரும், எல்லை தாண்டிப் புதுச்சேரியின் பாகூர்ப் பக்கம் வேலை பார்க்கிற நண்பர்களும் திரும்பத் திரும்ப ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை எல்லாம் சேர்த்து இங்கே எழுதிவிட்டேன்.

புதுமையான கற்பித்தல் என்றால் என்ன? ஸ்மார்ட் போர்டில் பாடம் நடத்துவதா?

இல்லை. ஸ்மார்ட் போர்டாக இருந்தாலும் கரும்பலகையாக இருந்தாலும் முன்னால் நின்று நானே பேசிக்கொண்டிருந்தால் பிள்ளைகளுக்கு இரண்டும் ஒன்றுதான். நான் பார்ப்பது ஒரே விஷயம்: அந்த நாற்பது நிமிடத்தில் யோசிக்கிற வேலையை யார் செய்கிறார்கள்? சில வருடங்களுக்கு முன்னால் என் வகுப்பை நானே செல்போனில் பதிவு செய்து, வீட்டில் உட்கார்ந்து முழுதும் கேட்டேன். பிள்ளைகளின் குரல் மூன்று நிமிடம்கூட வரவில்லை, அதிலும் பாதி "ஆமா சார்", "புரிஞ்சுது சார்". அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

பிள்ளை முதலில் ஊகிக்க வேண்டும், அப்புறம் செய்து பார்க்க வேண்டும், தப்பாகச் சொல்ல வேண்டும், பக்கத்துப் பிள்ளையோடு வாதாட வேண்டும், கடைசியில் தன் வார்த்தையில் எழுத வேண்டும். இது நடக்கிற வகுப்பு புதுமையான வகுப்பு, கையில் சாக்பீஸ் மட்டும் இருந்தாலும் சரி. நமக்கு இது அந்நியமும் இல்லை. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பிறகு மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றல், ஆந்திராவின் ரிஷிவேலியில் கிராமப் பள்ளிகளுக்காக உருவான அட்டை முறையை, அதாவது பிள்ளை பாட அட்டைகளை ஒவ்வொன்றாகச் செய்து முன்னேறுகிற முறையை, பார்த்து வந்ததுதான். பிள்ளையை அதன் வேகத்தில் போக விட்ட வகுப்புகளில் அது உயிரோடு இருந்தது. அட்டையை முடித்துக் கணக்குக் காட்டுவது வேலையாகிப்போன வகுப்புகளில் செத்துப்போனது.

எதிர்காலத்துக்குத் தயார்ப்படுத்துவது என்கிறீர்களே, எந்த எதிர்காலத்துக்கு?

இப்போது ஆறாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்குப் பதினொரு வயது. 2070-களிலும் அது வேலை பார்த்துக்கொண்டிருக்கும். உலகப் பொருளாதார மன்றத்தின் 2025 வேலைவாய்ப்பு அறிக்கையில், இன்றைய வேலைத்திறன்களில் 39 சதவீதம் 2030-க்குள் மாறிவிடும் அல்லது பயனற்றுப்போகும் என்று நிறுவனங்கள் எதிர்பார்க்கின்றன. அவை முதலிடத்தில் கேட்பது கம்ப்யூட்டர் மொழி எதையும் இல்லை, பகுத்து யோசிக்கும் திறனைத்தான்.

ஆனால் கடலூர்ப் பிள்ளைக்கு எதிர்காலம் என்றால் வேலை மட்டும் இல்லை, கடலும் மழையும் சேர்ந்ததுதான். 2004 சுனாமி, 2011 டிசம்பர் 30-ல் தானே புயல், 2015 வெள்ளம், 2024-ல் ஃபெஞ்சல் புயல். இவ்வளவும் பார்த்த ஊர் இது. துறைமுகத்தில் ஏற்றுகிற புயல் எச்சரிக்கைக் கூண்டுக்கு ஒன்றிலிருந்து பதினொன்று வரை எண் உண்டு, ஒன்றும் இரண்டும் புயல் தூரத்தில் இருக்கிறது என்பதற்கு, எட்டு முதல் பத்து வரை பெரிய அபாயம், பதினொன்று என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். செய்தியில் "மூன்றாம் எண் கூண்டு" என்று வருடா வருடம் கேட்கிற பிள்ளைகளிடம் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். எட்டாம் வகுப்பில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஆனால் அமேசான் காட்டின் மழைப்பொழிவைப் பற்றி இரண்டு மதிப்பெண் விடை ஒப்பிப்பார்கள்.

பேச்சாகவே இருக்கிறது. நீங்கள் நடத்திய ஒரு பாடத்தைச் சொல்லுங்கள்.

மழைமானி. ஏழாம் வகுப்பு, ஐப்பசி மழை பிடித்த நேரம். "நேற்று எவ்வளவு மழை?" என்று கேட்டேன். "நிறைய சார்" என்றார்கள். "நிறைய என்றால் எவ்வளவு?" பதில் இல்லை. சரி, அளப்போம் என்று முடிவானது. எதில் பிடிப்பது? ஒரு குழு தண்ணீர் பாட்டிலை வெட்டி வைத்தது, இன்னொரு குழு நேர்ச்சுவர் உள்ள எவர்சில்வர் சம்படத்தை வைத்தது, மூன்றாவது குழு மாடிப்படியோரம் இருந்த பிளாஸ்டிக் வாளியை எடுத்துக்கொண்டது. வைப்பதற்கு முன்னால் ஊகம்: எதில் தண்ணீர் அதிக உயரம் நிற்கும்? விரலைக் காட்டி ஓட்டுப் போடச் சொன்னேன். வாளிதான் என்று வகுப்பில் முக்கால்வாசிப் பேர். "வாய் பெருசு சார், நிறைய மழை விழும்" என்று ஒரு பெண் அடித்துச் சொன்னாள். எதிர்த்துப் பேசியது நான்கே பேர். "மழை பெருசா விழுந்தா அது பரவுற இடமும் பெருசுதானே" என்று அவர்களில் ஒருத்தி.

மறுநாள் காலையில் ஸ்கேல் வைத்து அளந்தோம். பாட்டில் 23 மில்லிமீட்டர், சம்படம் 22, வாளி 30. வாளிக் கட்சி கத்திக் கொண்டாடியது. நான் ஒன்றும் சொல்லவில்லை, எனக்கு வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் அன்றைக்குக் கஷ்டமான வேலை. ஆனால் அந்த நான்கு பேர் விடவில்லை. சம்படத்தின் வாய் பாட்டிலைவிடப் பெரிதாச்சே, அதில் ஏன் ஏறவில்லை? இரண்டு நாள் இதே சண்டை, மதியச் சாப்பாட்டு நேரத்திலும். மூன்றாம் நாள் ஒரு பையன் வாளியைக் கவிழ்த்து நூல் வைத்து அளந்தான்: வாய் 28 சென்டிமீட்டர், அடி 24. "சார், மேல அகலமா வாங்கி கீழ ஒடுக்கமா நிக்குது, அதான் ஏறிடுச்சு." அவ்வளவுதான். வட்டத்தின் பரப்பளவு சூத்திரத்தை அன்றைக்குத்தான் எழுதிப் போட்டேன், போட்டவுடன் 14 வர்க்கத்தை 12 வர்க்கத்தால் வகுத்து 23-ஆல் பெருக்கினால் 31 வருகிறது என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். அந்த ஒரு மில்லிமீட்டர் எங்கே போனது என்று கேட்டவர்களும் உண்டு. வாளி மேலே போகப் போக அகலமாகிறது, அதனால் கொஞ்சம் குறையும்.

அதோடு நிற்கவில்லை. ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். எங்கள் வகுப்பறைக் கூரை எட்டுக்கு ஆறு, 48 சதுர மீட்டர். அந்த ஒரு நாள் மழையில் 1,104 லிட்டர் கூரையிலிருந்து ஓடியிருக்கிறது. ஃபெஞ்சல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது என்று சொன்னேன். ஒரு பெண் உடனே தன் தெருவைக் கணக்குப் போட்டாள், நூறு மீட்டர் நீளம், ஐந்து மீட்டர் அகலம், இரண்டு லட்சம் லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் டேங்கர் லாரியில் பதினேழு லாரித் தண்ணீர். "அதான் சார் எங்க வீட்டுக்குள்ள வந்துச்சு" என்றாள். வகுப்பு அப்படியே அமைதியாகிவிட்டது.

பிறகு இன்னொரு கேள்வி வந்தது, நான் கேட்காமலே: புயல் போய் இங்கே மழை விட்ட பிறகுதானே தென்பெண்ணையில் வெள்ளம் வந்தது, அது எப்படி? வரைபடத்தை விரித்தோம். கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கம் கொட்டிய மழை, சாத்தனூர் அணை, அங்கிருந்து திறந்த தண்ணீர், கடைசியில் கடலில் சேருகிற நம் ஊர். சமூக அறிவியல் டீச்சர் அந்த இடத்தில் பாடத்தை வாங்கிக்கொண்டார்.

இப்படி நடத்தினால் போர்ஷன் எப்போது முடிப்பது?

இதுதான் நியாயமான கேள்வி, இதைக் கேட்கிறவர்களைச் சோம்பேறி என்று சொல்பவர்கள் மேல் எனக்குக் கோபம் வரும். எமிஸ் இணையதளத்தில் பிள்ளைகளின் விவரப் பதிவு, பயிற்சி, தேர்தல் வேலை, இலவசப் பொருள் விநியோகம் என்று நாள்கள் போய்விடுகின்றன. எல்லாப் பாடத்தையும் மழைமானி மாதிரி நடத்த முடியாது, நடத்தவும் வேண்டாம். நான் பருவத்துக்கு இரண்டு பாடம்தான் இப்படி எடுக்கிறேன். மற்றவற்றை நேராகச் சொல்லிக்கொடுக்கிறேன். தெளிவாக விளக்கிச் சொல்வது பழைய முறையும் இல்லை, குற்றமும் இல்லை. பின்னம் தெரியாத பிள்ளையை நீயே கண்டுபிடி என்று விட்டால் அது தவிக்கும்.

நேரத்தை மிச்சம் பிடிக்கிற இடம் வேறு இருக்கிறது, அதுதான் திருப்புதல். ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-லேயே தன் மேலேயே சோதனை செய்து காட்டிவிட்டார், படித்தது முதல் சில மணி நேரத்திலும் நாள்களிலும்தான் மிக வேகமாக மறக்கிறது. நாம் பரீட்சைக்கு முன்னால் பத்து நாள் மொத்தமாகத் திருப்புகிறோம். நான் இப்போது தினமும் முதல் ஐந்து நிமிடம் நோட்டை மூடச் சொல்லி மூன்று கேள்வி கேட்கிறேன்: நேற்றையது ஒன்று, போன வாரத்தது ஒன்று, போன மாதத்தது ஒன்று. மதிப்பெண் கிடையாது. தாளில் எழுதிப் பக்கத்துப் பிள்ளையோடு சரிபார்த்துக்கொள்வார்கள். மழைமானிக்குப் போன நாள்கள் இதில் திரும்பி வந்துவிட்டன.

என் வகுப்பில் 45 பேர். குழுவாக உட்காரச் சொன்னால் சந்தைக்கடை ஆகிவிடுகிறதே?

குழு வேண்டாம், ஜோடி போதும். பெஞ்சை நகர்த்த வேண்டாம். கேள்வி கேட்டுவிட்டு ஒரு நிமிடம் தனியாக யோசி, இரண்டு நிமிடம் பக்கத்தில் சொல், அப்புறம் வகுப்புக்குச் சொல். அமெரிக்காவில் ஃபிராங்க் லைமன் 1981-ல் இதற்குத் 'திங்க்-பேர்-ஷேர்' என்று பெயர் வைத்தார், நம் திண்ணைப் பள்ளியில் மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை செய்ததில் கொஞ்சம் இதில் இருக்கிறது என்றே எனக்குத் தோன்றும்.

இதோடு இன்னொன்று. கேள்வி கேட்ட பிறகு மூன்று விநாடி பேசாமல் இருங்கள். மேரி பட் ரோவ் என்ற ஆராய்ச்சியாளர் 1970-களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டுப் பார்த்து, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். மூன்று விநாடி காத்திருந்தால் பதில் நீளமாக வருகிறது, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளையும் பேசுகிறது. காசு செலவில்லாத புதுமை இது. முதல் வாரம் அந்த மூன்று விநாடி மூன்று நிமிடம் மாதிரி இருக்கும்.

எட்டாம் வகுப்பில் வாசிக்கவே தெரியாத பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் போய் என்ன புதுமை?

வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு எதிர்காலத் திறன் என்று எதைப் பேசினாலும் அது ஏமாற்று, இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-ல் வந்து தொடக்க வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறது. அந்த யோசனை சரியானது, வயதைப் பார்க்காமல் நிலையைப் பார்ப்பது. ஆனால் கொரோனா காலத்தில் கைவிட்டுப்போன பிள்ளைகள் அதற்கு முன்பே மேலே ஏறி வந்துவிட்டார்கள். "மெல்லக் கற்போர்" என்று பட்டியலில் பெயர் எழுதி வைக்கிறோம். அந்தச் சொல்லே எனக்குப் பிடிக்கவில்லை.

அப்படி ஒரு பையன். கடற்கரைத் தெரு, அப்பா ஃபைபர் போட்டில் போகிறவர். புத்தகத்தைக் கொடுத்தால் தலையைக் குனிந்துகொள்வான். அட்சரேகை நடத்தின அன்று, அப்பா கடலுக்குக் கொண்டுபோகும் ஜி.பி.எஸ். கருவியைக் கேட்டு வாங்கி வரச் சொன்னேன். அவரே கொண்டுவந்தார். "பத்திரம் சார், இதுலதான் நாங்க போற எடமெல்லாம் இருக்கு" என்றார். பையன் அதைக் கையில் எடுத்ததும் ஆளே மாறிவிட்டான். "பதினொண்ணு நாப்பத்தஞ்சு காட்டுது பாரு, அது நம்ம ஊரு. வடக்க போனா ஏறும், பாண்டி பதினொண்ணு அம்பத்தாறு. ஒரு புள்ளி ஏறுனா ஒரு மைலு." அந்த ஒரு புள்ளி ஒரு கலை, அதாவது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு, அந்த மைல் கடல் மைல், 1.852 கிலோமீட்டர். பதினொரு கலை வித்தியாசம், இருபது கிலோமீட்டர் சொச்சம். பஸ்ஸில் ஏன் அதைவிடக் கொஞ்சம் கூட வருகிறது என்று வகுப்பு யோசித்தது. ஆழத்தைப் பாகத்தில் சொன்னான், ஒரு பாகம் கிட்டத்தட்ட ஆறு அடி. வாடைக்காற்று, கொண்டல், கச்சான், சோழகம் என்று திசைக்கு ஒரு பெயர் சொன்னான். முப்பத்தெட்டுப் பேரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவன் பேசினதை அப்படியே, அவன் வார்த்தையிலேயே, பலகையில் ஏழு வரி எழுதினேன். மறுநாள் அதையே வாசிக்கச் சொன்னேன். தான் சொன்னது என்பதால் அடுத்து என்ன வரும் என்று அவனுக்குத் தெரியும், அதனால் எழுத்தைப் பிடிக்க முடிந்தது. அதிலிருந்து தினமும் சாயங்காலம் பதினைந்து நிமிடம், அவன் சொல்ல நான் எழுத, நான் எழுதினதை அவன் வாசிக்க. ஐந்து மாதத்தில் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தைத் தட்டுத்தடுமாறி வாசித்தான். எட்டாம் வகுப்புக்கு அது போதாது, தெரியும். தலையைக் குனிவது மட்டும் நின்றுவிட்டது, மிச்சத்தை ஒன்பதாம் வகுப்பு டீச்சரிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஸ்மார்ட் போர்டும் ஹைடெக் லேபும் அப்போது வீணா?

வீணே இல்லை. கையால் செய்ய முடியாததற்கும் கண்ணால் பார்க்க முடியாததற்கும் திரை வேண்டும். அணு, மின்சுற்று இவற்றுக்கு கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் என்ற கணினி மாதிரிகள் இலவசமாகவே கிடைக்கின்றன, பிள்ளையே ஒன்றை மாற்றிப் பார்த்து என்ன ஆகிறது என்று கவனிக்கலாம். அரசின் வானவில் மன்றம் திட்டம் 2022-லிருந்து ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்குச் சோதனைகளைக் கொண்டுவருகிறது, சோதனை செய்துகாட்டும் கருத்தாளர் வருகிற நாளைப் பிள்ளைகள் விரல் விட்டு எண்ணுவார்கள். ஆனால் மழையை வீடியோவில் காட்டாதீர்கள். நான் முன்பு இருந்த ஒரு பள்ளியில் பெரிய டிவி ஒன்றை ரிப்பேர் ஆகிவிடுமோ என்ற பயத்தில் வருடம் முழுக்கத் துணி போட்டு மூடியே வைத்திருந்தார்கள். கெட்டுப்போனால் ஆசிரியர் தலையில்தான் விழும் என்ற பயம் போகாதவரை எந்தக் கருவியும் பிள்ளை கைக்குப் போகாது, அதை அதிகாரிகளும் புரிந்துகொள்ள வேண்டும்.

பிள்ளைகள் ஏஐயிடம் கேட்டு வீட்டுப்பாடம் எழுதி வருகிறார்களே?

எழுதத்தான் செய்வார்கள். கைடைப் பார்த்து எழுதினதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை, வேகம்தான் கூடியிருக்கிறது. அதனால் அங்கே கிடைக்காத கேள்வியைக் கேட்கிறேன். "உங்கள் தெருவில் மழைநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, படம் போட்டு வா." "பாட்டியிடம் தானே புயலன்று என்ன நடந்தது என்று கேட்டு எழுதி வா." சில சமயம் வகுப்பிலேயே ஏஐயின் பதிலை வாசித்துக்காட்டி, இதில் எது சரி, எதைச் சோதிக்க வேண்டும், எப்படிச் சோதிப்பாய் என்று கேட்கிறேன். வாளிச் சண்டை போட்ட பிள்ளைகள் இதில் கெட்டிக்காரர்கள். யார் சொன்னாலும் "அளந்து பாத்தியா?" என்கிறார்கள்.

மார்க் குறையாதா சார்? (பெற்றோர்)

குறையவில்லை, பாட்டில் வைத்து அளந்த பிள்ளை அந்தப் பாடத்தில் எந்த மாதிரி திருப்பிக் கேட்டாலும் எழுதுகிறது. புத்தகத்துக் கேள்வியை அப்படியே கேட்டால் மனப்பாடம் செய்த பிள்ளை வேகமாக எழுதும், அது உண்மைதான். அதனால் புத்தகக் கேள்விகளையும் நான் விடுவதில்லை.

புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. ஆகிவிட்டன. அங்கே இதெல்லாம் பொருந்துமா?

தமிழ்நாட்டுப் புத்தகத்திலேயே ஓடிக்கொண்டிருந்த பள்ளிகள் 2023-24-லிருந்து படிப்படியாக மாறின. பாகூர் நண்பர் சொல்லும் பெரிய கஷ்டம் மொழிதான், பிள்ளை தமிழில் யோசிக்கிறது, புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழில் வாதாட விடுங்கள், முடிவை மட்டும் ஆங்கிலத்தில் எழுதட்டும் என்பது என் கருத்து. அரவிந்தர் ஆசிரமப் பள்ளி மாதிரி நம்மால் முடியுமா என்றும் கேட்கிறார்கள். 1943-ல் தொடங்கிய பள்ளி, பட்டமும் சான்றிதழும் அங்கே நோக்கமில்லை. எதையும் கற்பித்துவிட முடியாது, ஆசிரியர் துணையாகத்தான் இருக்க முடியும் என்று அரவிந்தர் 1910-லேயே எழுதியிருக்கிறார். அந்த ஆசிரியர் எண்ணிக்கையும் அந்தச் சுதந்திரமும் நமக்கு இல்லை. ஆனால் வாரத்துக்கு ஒரு பீரியட் பிள்ளையே தன் கேள்வியைத் தேர்ந்தெடுக்கட்டும் என்று விட எந்த அரசாணையும் தேவையில்லை.

வீட்டில் நாங்கள் என்ன செய்வது?

கணக்கைப் பிள்ளை கையில் கொடுங்கள். பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கிற வீடுகளில் 80 கிலோ மூட்டைக்கு எத்தனை கிலோ பருப்பு நின்றது என்று பிள்ளை எழுதட்டும். மீன் ஏலத்தில் கிடைத்ததை டீசல், ஐஸ், பங்கு என்று பிரிப்பதை அதுவும் உட்கார்ந்து பார்க்கட்டும். அது சொல்லிக்கொண்டிருக்கும்போது நடுவில் திருத்தாதீர்கள்.

மழைமானி செய்ய எந்த பாட்டில் நல்லது? (இதைத்தான் இப்போது அதிகம் கேட்கிறார்கள்)

இரண்டு லிட்டர் பாட்டில், உடம்பு நேராக இருக்க வேண்டும், நடுவில் இடுப்பு ஒடுங்கினது வேண்டாம். தோள் தொடங்குகிற இடத்தில் வெட்டி, மேல் பாகத்தைத் தலைகீழாகப் புனல் மாதிரி உள்ளே செருகுங்கள். அடி மேடும் பள்ளமுமாக இருக்கும், அதனால் கூழாங்கல் போட்டு, அது மறையும்வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் ஸ்கேலின் பூஜ்யத்தை ஒட்டுங்கள். மரத்தடியிலும் கூரை ஓரத்திலும் வைக்காதீர்கள். காற்றில் சாயாமல் இருக்க நாங்கள் நான்கு செங்கல் அடுக்கினோம். தினமும் காலை எட்டரைக்குப் பாருங்கள், வானிலை மையமும் அந்த நேரத்தில்தான் பார்க்கிறது, மாலைச் செய்தியில் கடலூர் எவ்வளவு என்று வரும்போது பிள்ளை தன் நோட்டை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கும்.